சிறுவர் என்பியல் ஒப்சேவர்ஷிப்: திருமலையிலிருந்து போகிறவருக்கு எது பெறுமதி?

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலை போன்ற ஓர் இடத்தில் என்பியல் கிளினிக்குக்கு எப்படிப்பட்ட பிள்ளைகள் வருவார்கள் என்பதை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். மாமரத்தால் விழுந்து முழங்கைக்கு மேலே முறித்துக்கொண்ட ஆறு வயதுப் பையன். இரண்டு பாதமும் உட்பக்கம் திரும்பியபடி பிறந்த கைக்குழந்தை. நடக்கத் தொடங்கிய பிறகுதான் "சாய்ஞ்சு சாய்ஞ்சு நடக்கிறாள் டொக்டர்" என்று கொண்டுவரப்படும், இடுப்பு மூட்டு விலகிய இரண்டு வயதுப் பெண்பிள்ளை. பெருமூளை வாதத்தால் கால்கள் கத்தரி போலக் குறுக்கே போகும் பிள்ளை. முறிவு நெரிவு வைத்தியரிடம் மூன்று கிழமை மூலிகைப் பத்துக் கட்டிவிட்டு, விரல்கள் மடங்கியபடி வந்து சேரும் இன்னொரு பிள்ளை.

வேறொரு வைத்தியசாலையில் பார்வையாளராக நின்று கற்கும் ஒப்சேவர்ஷிப்பை ஒரு மருத்துவர் தேடும்போது இந்தத் தாள் கையில் இருக்க வேண்டும். பலர் ஆஸ்பத்திரியின் பெயரை முதலில் தேர்ந்துவிடுகிறார்கள். அங்கே போய் நின்ற பிறகுதான் தெரியும், பார்க்கக் கிடைப்பதில் பாதி முதுகெலும்பு வளைவும் மற்றப் பாதி காந்தத்தால் கால் நீட்டும் ஆணியும் என்று. அந்த ஆணி ஒன்றின் விலை ஆயிரக்கணக்கான டொலர். பார்க்க அருமையானதுதான், ஆனால் திருமலைக்குக் கொண்டுவர அதில் ஒன்றும் இல்லை. எனவே கொழும்பு, வேலூர், கோயம்புத்தூர், பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய ஐந்தையும் இங்கே இந்தத் தாளில் வைத்தே எடைபோட்டிருக்கிறது.

எதை விற்கிறார்கள், எதை விற்கவில்லை

ஒப்சேவர்ஷிப் என்றால் பார்ப்பது மட்டும். சம்பளம் கிடையாது. நோயாளியைத் தொடவும் கூடாது, நோயாளியின் கோப்பில் எழுதவும் கூடாது, கை கழுவிச் சத்திரசிகிச்சை மேசைக்குப் போகவும் கூடாது. கை வைத்துப் பயிலும் ஃபெலோஷிப் இதிலிருந்து வேறு. அதற்கு அந்த நாட்டுப் பதிவு வேண்டும், காலமும் நீளம், இடங்களும் குறைவு.

அமெரிக்காவுக்குப் பி-1 விசாவில் போகும் மருத்துவர் பார்க்கலாம், சக மருத்துவர்களோடு கலந்து பேசலாம். சிகிச்சை அளிப்பதும் ஊதியம் வாங்குவதும் ஆகாது. பிரித்தானியாவின் சாதாரண வருகையாளர் விசாவும் இதே மாதிரித்தான்: சம்பளமில்லாத கிளினிக்கல் அட்டாச்மென்டுக்கு இடமுண்டு, நோயாளிக்குச் சிகிச்சை செய்ய இடமில்லை. இந்தியாவில் கை வைத்துப் பயில வேண்டுமானால் தேசிய மருத்துவ ஆணையத்தின் தற்காலிக அனுமதி தேவை. "வாங்க, ஸ்க்ரப் பண்ணிக்கோங்க" என்று அங்கே யாராவது அன்பாகக் கூப்பிட்டாலும், காகிதம் இல்லாமல் கை கழுவாதீர்கள். ஏதாவது பிழைத்தால் மாட்டிக்கொள்வது நீங்கள் மட்டுமல்ல, கூப்பிட்டவரும்தான்.

மருத்துவப் பட்டமேற்படிப்பு நிறுவனமான பி.ஜி.ஐ.எம். பயிற்சியில் இருப்பவர்களுக்கு ஒரு முன்னெச்சரிக்கை. எம்.டி.க்குப் பிறகு வெளிநாட்டில் பெற வேண்டிய பயிற்சியும் ஒப்சேவர்ஷிப்பும் ஒன்றல்ல. பார்வையாளராக நின்ற நாட்கள் பயிற்சிக் கணக்கில் சேருமா என்பதை உரிய கற்கைச் சபையிடம் புறப்படுவதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு போதாது. சபை உறுப்பினர்கள் மாறும்போது அந்த வாய்ப்பேச்சும் கூடவே போய்விடும்.

கண்ணால் மட்டும் எதைப் படிக்கலாம்

தொட முடியாதவருக்குச் சத்திரசிகிச்சைத் தியேட்டர் அவ்வளவு பயன் தராது. சிறுவர் சத்திரசிகிச்சையில் கீறல் சிறியது. மேசையைச் சுற்றி நிபுணர், ஃபெலோ, ரெஜிஸ்ட்ரார், தாதி என்று நாலு பேர் நிற்பார்கள். ஐந்தாவதாக நிற்பவருக்குத் தெரிவது முதுகுகள்தான். தியேட்டருக்குள் போனால் சி-ஆர்ம் என்னும் எக்ஸ்-ரே இயந்திரத்தின் திரை தெரியும் பக்கமாக நில்லுங்கள். கம்பி எங்கே நுழைந்து எங்கே முடிகிறது, எந்தப் படத்தைப் பார்த்துவிட்டு "திருப்பிப் போடு" என்கிறார் என்பது அங்கேதான் தெரியும்.

கிளினிக்கிலும் பிளாஸ்டர் அறையிலும் நிலைமை வேறு. பிள்ளையை எப்படிப் பரிசோதிக்கிறார்கள், எதைக் கண்டு சத்திரசிகிச்சை வேண்டாம் என்று விடுகிறார்கள், தாய்க்கு என்ன சொல்லுகிறார்கள் என்பதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் நடக்கிறது. ஒப்சேவர்ஷிப்பின் பெறுமதியில் முக்கால்வாசி இங்கேதான் இருக்கிறது.

பாதம் உட்பக்கம் திரும்பியபடி பிறக்கும் வளைபாதத்துக்கான பொன்செட்டி முறையை எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லக் கேட்டால் இலகு. கிழமைக்கு ஒரு பிளாஸ்டர், பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு. பிறகு குதிக்கால் தசைநாணைத் தோலில் சிறு குத்தலால் வெட்டி, மூன்று கிழமைக்குக் கடைசிப் பிளாஸ்டர். அதன்பின் பட்டி பூட்டிய சப்பாத்து, நாலு ஐந்து வயது வரை. அயோவாவில் இக்னேசியோ பொன்செட்டி 1940களின் கடைசியிலிருந்து இதைச் செய்தார், 1963இல் எழுதியும் வைத்தார். ஆனாலும் உலகம் திரும்பிப் பார்க்க 1990களின் கடைசி ஆகிவிட்டது. வாசித்து விளங்கிக்கொள்ள முடியாதது அதில் ஒன்றும் இல்லை, ஆனால் பிழைகள் எல்லாம் கையில் நடக்கின்றன, அவை எழுத்தில் தெரியாது.

முதல் பிழை பெருவிரலில். பாதத்தை வெளியே கொண்டுவரும்போது எதிர்ப்பிடி கணுக்காலிலுள்ள தாலசு எலும்பின் தலையில், வெளிப்பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு விரலளவு பின்னே தள்ளி, குதி எலும்பும் அதற்கு முன்னாலுள்ள கியூபோய்ட் எலும்பும் சேரும் இடத்தில் பிடித்துவிட்டால் குதி உருளாமல் பூட்டிக்கொள்ளும். பத்துப் பிளாஸ்டர் போட்டாலும் பாதம் திருந்தாது. இரண்டாவது பிழை முதல் பிளாஸ்டரிலேயே நடக்கிறது. உள்ளங்கால் குழிந்திருப்பதை நிமிர்த்த முன்பாதத்தைத் தூக்கி, பின்பாதத்தோடு ஒரே தளத்துக்குக் கொண்டுவர வேண்டும். முன்பாதத்தைக் கீழே திருப்பினால் குழிவு இன்னும் கூடும். மூன்றாவது, பிளாஸ்டரை முழங்காலோடு நிறுத்துவது. குழந்தையின் கால் கூம்பு வடிவம், அதனால் பிளாஸ்டர் வழுகிவிடும். முழங்காலைத் 90 பாகை மடித்து, தொடை இடுக்கு வரை போட வேண்டும். நாலாவது அவசரம். குதிக்கால் உயர்ந்திருப்பதைக் கடைசியில்தான் திருத்துவது. முந்திக்கொண்டு பாதத்தை மேலே தள்ளினால் அது நடுவில் உடைந்து வள்ளத்தின் அடி போல வளைந்துவிடும்.

நல்ல கிளினிக் ஒன்றில் நின்று இவற்றைப் பார்க்கும்போது, பாதத்தைப் பிடிப்பவர் யார், சுற்றுபவர் யார், பஞ்சு எத்தனை சுற்று, பிளாஸ்டர் இறுகும் வரை எத்தனை நிமிடம் விரலை அசைத்து அசைத்து வடிவம் கொடுக்கிறார்கள் என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தபடி இருந்தால் புண் வரும். பழைய பிளாஸ்டரை எப்போது கழற்றுகிறார்கள் என்றும் பாருங்கள். தாய் முதல் நாள் இரவே ஊறவைத்துக் கழற்றிவிட்டு வந்தால், காலைக்குள் பாதம் கொஞ்சம் பின்வாங்கிவிடும். புதியது போடுவதற்குச் சற்று முன்பு கிளினிக்கில் கழற்றுவதுதான் சரி.

இன்னொன்று பார்த்துப் பழகினால்தான் பிடிபடும். குட்டையாய், கொழுத்து, உள்ளங்காலின் குறுக்கே ஆழமான மடிப்போடு, பெருவிரல் சுருங்கி மேலே நிமிர்ந்த பாதம் சில குழந்தைகளுக்கு வரும். வழக்கமான முறையில் வெளியே தள்ளத் தள்ள அது மோசமாகும். சாதாரணப் பாதத்தைக் கடைசிப் பிளாஸ்டரில் 60, 70 பாகை வெளியே திருப்புவார்கள், இதை 30, 40உடன் நிறுத்திவிடுவார்கள். பத்துப் பாதம் பார்த்தவர் பதினோராவதில் இதைக் கண்டுபிடித்துவிடுவார்.

திரும்ப வளைந்து வரும் பாதங்களில் பெரும்பாலானவற்றின் காரணம் சப்பாத்தை ஒழுங்காகப் போடாததுதான். முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணித்தியாலம், பிறகு இரவிலும் பகல் தூக்கத்திலுமாக 12 முதல் 14 மணித்தியாலம். பட்டியின் நீளம் குழந்தையின் தோளகலம். வளைபாதம் 60 முதல் 70 பாகை வெளியே, நல்ல பாதம் 30 முதல் 40. இதைத் தாய்க்கும் தாயைவிட அதிகமாய் அம்மம்மாவுக்கும் எப்படிச் சொல்லிப் புரியவைக்கிறார்கள் என்பதைக் கவனித்து, வசனத்தை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். இரவில் அழுகிறதே என்று சப்பாத்தைக் கழற்றுகிறவர் பெரும்பாலும் அம்மம்மாதான்.

ஒரு குழந்தையை முதல் பிளாஸ்டரிலிருந்து கடைசிப் பிளாஸ்டர் கழற்றும் வரை பார்க்க எட்டு, ஒன்பது கிழமை பிடிக்கும். அவ்வளவு நாள் யாரும் லீவு தரப்போவதில்லை. ஆனால் கிழமைக்கு ஒருநாள் நடக்கும் பெரிய கிளினிக்கில் எல்லாக் கட்டத்துப் பிள்ளைகளும் ஒரே காலையில் வரிசையாக வருவார்கள். அப்படியான நாலு காலை போதும். அதனால் மின்னஞ்சலில் முதலில் கேட்க வேண்டியவை: அந்தக் கிளினிக் கிழமையில் எந்த நாள், ஒரு நாளில் சராசரியாக எத்தனை பிள்ளை, தசைநாண் வெட்டுவது கிளினிக்கிலா தியேட்டரிலா. இதற்குப் பதில் வராத இடம் பெரிய பெயராக இருந்தாலும் தள்ளிவையுங்கள்.

இடுப்பு விலகலுக்கும் இதே நியாயம். கைக்குழந்தையின் கால்களை மடித்து வைக்கும் வார்களான பாவ்லிக் பட்டியில் முன்வார் இடுப்பை 90 முதல் 100 பாகை மடித்து வைக்கிறது. பின்வாரின் வேலை கால் உள்ளே போகாமல் தடுப்பது மட்டும், விரித்து இழுப்பதல்ல. அதிகம் மடித்தால் தொடை நரம்பு தளர்ந்து குழந்தை முழங்காலை உதைக்காது. அதிகம் விரித்தால் தொடை எலும்புத் தலைக்குப் போகும் இரத்தம் குறையும். மூன்று கிழமையில் மூட்டு இடத்துக்கு வராவிட்டால் பட்டியை நிறுத்த வேண்டும். விடாமல் தொடர்ந்தால் இடுப்புக் கிண்ணத்தின் பின்சுவர் தேய்ந்துபோகும். கிராஃப் முறை அல்ட்ராசவுண்ட் ஸ்கானில், கிண்ணத்தின் ஆழத்தைக் காட்டும் அல்பா கோணம் 60 பாகைக்குக் குறைந்தால் கவனம். இந்த ஸ்கானைத் திருமலையில் எடுக்கப்போவது என்பியல் மருத்துவர் அல்லர். ஆகவே கதிரியக்கப் பிரிவில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போக முடியுமானால், ஒரு கிழமைக்காவது, அந்தச் செலவு வீணாகாது.

முழங்கை முறிவை இரவுக் கடமையில்தான் பார்க்க முடியும். பகல் எட்டிலிருந்து நாலு வரை மட்டும் பார்வையாளரை அனுமதிக்கும் இடத்தில் அது உங்கள் கண்ணில் படாது. இரவு ஒன்பது மணிக்கு வந்த பிள்ளையைப் பற்றி மறுநாள் காலைக் கூட்டத்தில் பேசுவதைக் கேட்கலாம், அவ்வளவுதான். ஆனால் திருமலைக்கு மிக அவசரமான பாடம் இதுவே. கை இளஞ்சிவப்பாக, சூடாக இருந்து நாடி மட்டும் இல்லையென்றால் முதலில் எலும்பை இடத்துக்குக் கொண்டுவந்து கம்பி போட்டுவிட்டு மறுபடி பார்ப்பது. கை வெளிறிக் குளிர்ந்தால் இரத்தக்குழாய் நிபுணர் வேண்டும், அப்போதும் இடத்துக்குக் கொண்டுவருவதைத் தள்ளிப்போட முடியாது. தசை ஆறு மணித்தியாலத்துக்கு மேல் தாங்காது. மூதூரிலிருந்தோ கந்தளாயிலிருந்தோ பிள்ளை வந்து சேரும்போதே அதில் எவ்வளவு போயிருக்கும் என்று கணக்குப் பாருங்கள். இருபது கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்கு 1.6 மில்லிமீற்றர் கம்பி, கூடினால் 2. வெளிப்பக்கத்திலிருந்து இரண்டு அல்லது மூன்று, முறிவுக்கோட்டில் கம்பிகள் ஒன்றைவிட்டொன்று விரிந்து நிற்க வேண்டும். உட்பக்கக் கம்பி தவிர்க்க முடியாவிட்டால், முழங்கையைக் கொஞ்சம் நீட்டி, சிறு கீறலில், முழங்கையின் உட்பக்கம் ஓடும் அல்னா நரம்பை ஒதுக்கிப் போடுவார்கள். முழுக்க மடித்தபடி குத்தினால் நரம்பு முன்னே வழுகி வந்து கம்பிக்கு இரையாகும். வீங்கிய கையை 90 பாகைக்கு மேல் மடித்துப் பிளாஸ்டர் போடுவதுதான் நாம் அஞ்சுகிற மடங்கிய விரல்களுக்குக் குறுக்குவழி. பிழையை முறிவு நெரிவு வைத்தியரின் பத்தின் மேல் மட்டும் போட முடியாது.

இனி இடங்கள்

கொழும்பு, பொரளை, லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை. 1895இலிருந்து இயங்குகிறது. "அது நம்ம ஊர்தானே" என்று பலர் கடந்து போய்விடுவார்கள், அதுதான் தப்பு. முதல் இரண்டு கிழமையை இங்கே போடுங்கள். விசா இல்லை. திருமலையில் இரவு ரயில் ஏறினால் விடிய கொழும்பு கோட்டை. இரண்டு வைத்தியசாலைப் பணிப்பாளர்களின் அனுமதியும் அங்குள்ள நிபுணரின் சம்மதமும் கடிதமாக இருந்தால் வேலை முடிந்தது. பிளாஸ்டர் ரோலும் மருந்தும் அரச வைத்தியசாலைக்கு வருகிற அதே சாமான்தான். ஆகவே அங்கே நடப்பது திருமலையிலும் நடக்கும். இதைவிடப் பெரிய இலாபம் ஒன்று உண்டு. இங்கிருந்து அனுப்பப்படும் பிள்ளை அங்கேதான் போகிறது. அங்குள்ள ரெஜிஸ்ட்ராரின் முகம் தெரிந்திருந்தால், அனுப்புவதற்கு முன் எந்த எக்ஸ்-ரே எடுக்க வேண்டும், எந்தப் பிள்ளையை அனுப்பவே தேவையில்லை என்பது ஒரு தொலைபேசி அழைப்பில் தீரும். குறை என்னவென்றால் கூட்டம். நின்று விளக்க யாருக்கும் நேரமிருக்காது. சிங்களம் சரளமாக இல்லாதவருக்குத் தாயோடு நடக்கும் பேச்சு, அதாவது பாதிப் பாடம், கைநழுவிவிடும்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. இந்த ஐந்தில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் இதுதான். சிறுவர் என்பியலுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அதற்கும் மேலாக, தாமதமாக வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பணக்கார நாட்டுக் கிளினிக்கில் மூன்று வயது வரை கவனிக்காமல் விட்ட இடுப்பு விலகலைக் காண்பது அரிது. இங்கே ஆந்திராவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அப்படியான பிள்ளைகளைக் கொண்டுவருகிறார்கள். வேலூர்க் காந்தி ரோட்டில் லொட்ஜ் பெயர்ப்பலகைகள் வங்காள எழுத்தில் இருப்பதைப் பார்த்தாலே யார் வருகிறார்கள் என்று தெரிந்துவிடும். நடக்கிற வயதுப் பிள்ளையின் மூட்டைத் திறந்து வைத்துத் தொடை எலும்பைக் குறுக்கும் முடிவு, இடுப்புக் கிண்ணத்தைத் திருத்தும் முடிவு, காலம் கடந்துவிட்டதால் இனித் தொடவே கூடாது என்ற முடிவு, இந்த மூன்றையும் ஒரே கிழமையில் பார்க்கலாம். மூன்றாவது முடிவை எடுக்கத் தெரிந்தவர்கள் குறைவு.

அங்கே இன்னொரு வசதி தமிழ். வைத்தியர் தமிழ்நாட்டுத் தாயிடம் பேசுவது நேரடியாகக் காதில் விழும். ஆனால் சொற்களை அப்படியே இறக்குமதி செய்யாதீர்கள். "மாவுக்கட்டு" என்று கிண்ணியாவில் சொன்னால் தாய் விழிப்பார், இங்கே பிளாஸ்டர். சென்னைக்குக் கட்டுநாயக்காவிலிருந்து ஒன்றரை மணித்தியாலத்துக்குள் பறந்துவிடலாம். பலாலியிலிருந்தும் விமானம் உண்டு, சாமான் எடை வரம்பை மட்டும் முன்கூட்டியே பாருங்கள். சென்னையிலிருந்து காட்பாடிக்கு ரயில், இரண்டு மணித்தியாலம். ஏப்ரல், மே வேண்டாம். வெயில் ஒரு காரணம். பள்ளி விடுமுறையில் தள்ளிப்போட்ட சத்திரசிகிச்சைகள் எல்லாம் சேர்ந்து வந்து, கிளினிக்கில் நின்று பேச இடம் இராது என்பது பெரிய காரணம். சுற்றுலா விசாவில் போய் வார்டில் நிற்க வேண்டாம். அழைப்புக் கடிதத்தைக் காட்டி எந்த வகை விசா என்று தூதரகத்தில் கேட்டே விண்ணப்பியுங்கள்.

கோயம்புத்தூர், கங்கா மருத்துவமனை. முறிவு, முதுகெலும்பு, கை மற்றும் நுண்சத்திரசிகிச்சை. வளைபாதம் படிக்க இங்கே போக வேண்டாம். மோட்டார் சைக்கிளின் முன்னால் இருத்திக் கொண்டுபோன பிள்ளையின் கால் சக்கரத்துக்குள் போய்த் தோலும் எலும்பும் சிதைந்து வருகிறதே, அதற்குப் போகலாம். திறந்த காயத்துக்குத் தோல், எலும்பு, தசை ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை புள்ளி போட்டு, உடல்நிலைக்கும் சேர்த்து, 14 வரை காலைக் காப்பாற்று, 17இலிருந்து வெட்டுவதை யோசி, இடையில் இருந்தால் அனுபவசாலியைக் கூப்பிடு என்று சொல்லும் முறை இங்கிருந்து வந்ததுதான். பிறக்கும்போது தோள் நரம்பு இழுபட்ட குழந்தைகளுக்கும் இது நல்ல இடம். இரண்டு கிழமை போதும்.

பிரித்தானியா. அங்கே போவது சத்திரசிகிச்சை பார்க்க அல்ல, அமைப்புப் பார்க்க. பெருமூளை வாதப் பிள்ளைகளின் இடுப்பைக் குறித்த இடைவெளியில் எக்ஸ்-ரே எடுத்து, தொடைத் தலை கிண்ணத்துக்கு வெளியே எத்தனை வீதம் போயிருக்கிறது என்று அளந்து, 30 வீதத்தைத் தாண்டினால் என்பியல் நிபுணருக்கு அனுப்பும் ஒழுங்கு அங்கே நன்றாக ஓடுகிறது. பெரும்பாலும் அதை ஓட்டுகிறவர் இயன்மருத்துவர். இதைத் திருமலையில் தொடங்கப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். ஓர் அப்பியாசக் கொப்பி, அளவுகோல், பிடிவாதமான ஓர் இயன்மருத்துவர் போதும். ஓகஸ்ட்டில் போகாதீர்கள். முதல் புதன்கிழமையில் இளம் மருத்துவர்கள் எல்லோரும் இடம் மாறுவார்கள், நிபுணர்கள் விடுமுறையில் இருப்பார்கள். கை வைத்து வேலை செய்ய வேண்டுமானால் மெடிக்கல் ட்ரெயினிங் இனிஷியேட்டிவ் என்ற வழி இருக்கிறது. அதிகபட்சம் 24 மாதம், பிரித்தானிய மருத்துவ சபையான ஜி.எம்.சி.யின் பதிவு வேண்டும். ஒப்சேவர்ஷிப்புக்குச் செலவழிக்க நினைத்த பணத்தையும் உழைப்பையும் அதன் பக்கம் திருப்புவதே பலருக்குப் புத்தி.

அமெரிக்கா. வட அமெரிக்கச் சிறுவர் என்பியல் சங்கமான பொஸ்னாவில், வசதி குறைந்த நாடுகளிலிருந்து வருபவர்களுக்கென்று ஒரு குழுவும் உதவித்தொகையும் உண்டு. டிசெம்பரில் ஒர்லாண்டோவில் நடக்கும் சர்வதேசச் சிறுவர் என்பியல் கருத்தரங்கோடு சேர்த்து, முன்னாலோ பின்னாலோ ஒரு வைத்தியசாலைக்குப் போய்வருவது காசு மிச்சப்படுத்தும் வழி. ஆனால் கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்கத் தியேட்டர் பட்டியல் மெலிந்துவிடும், ஆகவே முன்னால் போவதே மேல். நடையாய்வு படிக்க மினசோட்டாவின் கில்லெட், தொடை எலும்புத் தலை இரத்தமின்றிச் சிதையும் பெர்தெஸ் நோயையும் எலும்பை வெளியிலிருந்து பிடித்து வைக்கும் வட்டச் சட்டகத்தையும் படிக்க டலஸின் ஸ்கொட்டிஷ் ரைட் என்று, நோயைச் சொல்லி இடத்தைத் தேடினால் பயன் உண்டு. "அமெரிக்காவுக்குப் போக வேண்டும்" என்று தேடினால் பயன் இல்லை. பி-1 விண்ணப்பத்துக்கே 185 டொலர். மறுத்தால் திரும்பக் கிடைக்காது. விமானம், தங்குமிடம், காப்புறுதி எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அமெரிக்காவின் இரண்டு கிழமைக்கு வேலூரில் இரண்டு மாதம் நிற்கலாம்.

நேரடிப் பயிற்சி இல்லாமல் ஒழுங்கான பாடம் மட்டும் வேண்டுமென்றால், ஐரோப்பியச் சிறுவர் என்பியல் சங்கமான ஈபொஸ் வியன்னாவின் ஸ்பைசிங் வைத்தியசாலையில் நடத்தும் பாடநெறியையும் பாருங்கள். அது ஒப்சேவர்ஷிப் அல்ல, ஆனால் சில ஒப்சேவர்ஷிப்புகளைவிடக் கூடுதலாகக் கற்றுத்தரும்.

காகிதங்கள்

எழுதத் தொடங்குவது ஆறு மாதத்துக்கு முன்பு. ஒரு பக்கக் கடிதம்: எந்த நோய், எத்தனை கிழமை, எந்தத் திகதிகளுக்குள், திரும்பி வந்து எந்தக் கிளினிக்கில் பயன்படுத்தப்போகிறேன். "எல்லாவற்றையும் கற்க ஆவல்" என்ற வரி இருந்தால் அழித்துவிடுங்கள், அதைப் படிப்பவர் அதே கிழமையில் இருபது தடவை படித்திருப்பார். கூடவே சுயவிபரம், மேற்பார்வை நிபுணரின் கடிதம், இலங்கை மருத்துவ சபைப் பதிவு, அதே சபையின் நன்னிலைச் சான்றிதழ், கடவுச்சீட்டின் பிரதி. நன்னிலைச் சான்றிதழுக்குக் குறுகிய செல்லுபடிக் காலமே பல இடங்களில் ஏற்கப்படும், ஆகவே மற்றவை தயாரான பிறகே எடுங்கள். அரச சேவையில் இருப்பவருக்கு வெளிநாட்டு லீவு, பணிப்பாளர் வழியாக அமைச்சுக்குப் போய் வர வேண்டும். விசா கிடைத்த பிறகு இதைத் தொடங்குகிறவர்கள்தான் விமானச் சீட்டை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

விண்ணப்பத்தின் தடுப்பூசிப் பகுதியில் நம்மவர்கள் ஒரே இடத்தில் தடுக்கி விழுவார்கள். தட்டம்மை, கூவைக்கட்டு, ஜேர்மன் தட்டம்மை, கொப்புளிப்பான், மஞ்சட்காமாலை பி என்பவற்றுக்கு எதிர்ப்பு உண்டென்று இரத்தப் பரிசோதனை கேட்பார்கள், அதில் பிரச்சினை இல்லை. காசநோய்க்குத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மான்டூ கேட்பார்கள். இலங்கையில் பிறந்த உடனேயே காசநோய்த் தடுப்பூசியான பீ.சி.ஜி. போட்டுவிடுவதால் அது வீங்கிக் காட்டலாம். பிறகு எக்ஸ்-ரே, விளக்கக் கடிதம், மூன்று கிழமை இழுபறி. தோல் பரிசோதனைக்குப் பதில் ஐ.ஜி.ஆர்.ஏ. இரத்தப் பரிசோதனை ஏற்பீர்களா என்று முதல் மின்னஞ்சலிலேயே கேளுங்கள். பீ.சி.ஜி. அதைக் குழப்பாது.

அழைப்புக் கடிதத்தில் "பார்வை மட்டும், நோயாளிப் பராமரிப்பு இல்லை, ஊதியம் இல்லை" என்ற மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். விசா அதிகாரி தேடும் வரிகள் அவைதான். கட்டணம் உண்டா, தங்குமிடம் அதில் அடங்குமா, இடையில் நிறுத்தினால் திரும்பத் தருவார்களா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

அங்கே நிற்கும்போதும் திரும்பிய பிறகும்

படம் எடுக்காதீர்கள், முகம் தெரியாவிட்டாலும். அதற்குப் பதில் ஒரு கொப்பி. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்து வரி: வயது, அளந்த கோணம் அல்லது வீதம், எடுத்த முடிவு, அதற்குச் சொன்ன காரணம், எது மாறியிருந்தால் முடிவும் மாறியிருக்கும். பெயர் எழுத வேண்டாம். ஐந்தாவது வரியை நிரப்பக் கேள்வி கேட்க வேண்டிவரும், கேட்கச் சரியான நேரம் கிளினிக் முடிந்து நிபுணர் தேநீர் குடிக்கும்போது, நோயாளியின் முன்னால் அல்ல.

முடிந்தால் தனியே போகாதீர்கள். யுகண்டாவில் வளைபாதத் திட்டம் வளர்ந்ததே சத்திரசிகிச்சை நிபுணர் அல்லாத என்பியல் அலுவலர்களுக்குப் பிளாஸ்டர் பழக்கியதால்தான். மருத்துவருக்கு இடமாற்றம் வரும். பிளாஸ்டர் அறையில் பதினைந்து வருடம் இருக்கப்போகிறவர் தாதியோ இயன்மருத்துவரோ. இரண்டு கிழமை லேடி ரிட்ஜ்வேக்கு அவரையும் அழைத்துப்போவது, தனியாக லண்டன் போவதைவிடத் திருமலைக்குக் கூடப் பயன் தரும்.

புறப்படும் முன்பே ஊரில் விசாரித்துவைக்க வேண்டியது சப்பாத்து. பட்டி பூட்டிய சப்பாத்தை யார் செய்து தருவார்கள், எத்தனை அளவில், என்ன விலைக்கு, கால் வளர வளர மாற்றுவதற்கு யார் பொறுப்பு. இதற்கு விடை இல்லாமல் நேர்த்தியாக ஆறு பிளாஸ்டர் போட்டு அனுப்பினால், ஆறாவது மாதத்தில் அதே பாதம் அதே வளைவோடு திரும்பி வரும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு அக்கரையிலிருந்து தாய்மார் வருவது இலகுவாகிவிட்டது, ஆனாலும் கிழமைக்கொரு நாள் கூலி வேலையை விட்டுவிட்டு ஆறு கிழமை தொடர்ந்து வருவது இலகுவல்ல. கிளினிக் நாளை மூதூர், கிண்ணியா பஸ் நேரத்துக்கு ஏற்ப வையுங்கள். வராத பிள்ளையின் தாய்க்கு அன்று பின்னேரமே யார் தொலைபேசி எடுப்பது என்று ஒருவரின் பெயரை முதல் நாளே கொப்பியில் எழுதிவையுங்கள்.